17 பவுண்டு: ஹெர்பி ஃப்ளவர்ஸ் நினைவாக

2024 செப்டம்பர் 5 அன்று, தமது 86ஆம் வயதில், பிரிட்டிஷ் பேஸ் கலைஞர் ஹெர்பி ஃப்ளவர்ஸ் காலமானபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்லின. அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் பாடிய 'வாக் ஆன் த வைல்ட் சைட்' பாட்டில், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே சறுக்கிக்கொண்டு வந்து நம்மை உள்ளே இழுத்துப் போடுகிற அந்த பேஸ் ஒலி, அதாவது பாட்டின் அடிச் சுரங்களைத் தாங்கும் தந்திக் கருவியின் ஒலி, இவர் வாசித்தது. அரை நூற்றாண்டாக உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த வாசிப்புக்கு அவருக்குக் கிடைத்தது 17 பவுண்டு. கதை அத்துடன் நின்றுவிடும். படிப்பவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

ஃப்ளவர்ஸ் அந்தக் கதையைப் பல பேட்டிகளில் தாமே சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட அவர் அதை ஒப்பாரியாகச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே, கொஞ்சம் குறும்பாக, தாம் அன்று சாமர்த்தியமாக நடந்துகொண்டதற்கு எடுத்துக்காட்டாகவே சொன்னார். அனுதாபத்தோடு அந்த 17 பவுண்டைப் பார்த்தால் மனிதர் நம் கையை விட்டு நழுவிப் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது, அதற்காக அவர் என்ன செய்தார், பணம் விஷயத்தில் அவர் எப்போது விட்டுக்கொடுத்தார், எப்போது விட்டுக்கொடுக்கவில்லை என்று பார்த்தால்தான் அவருடைய வாசிப்பே புரியும்.

செஷன் இசைக்கலைஞர் எந்தக் குழுவுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். ரெக்கார்டிங் அன்று கூப்பிடுவார்கள். போவார், வாசிப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குக் கிளம்புவார். 1960களின் கடைசியிலும் 1970களிலும் லண்டனில் இந்தத் தொழில் ஏறக்குறைய ஷிப்ட் முறையில் நடந்தது. காலை 10 முதல் 1 வரை ஒரு செஷன், பிற்பகல் 2 முதல் 5 வரை ஒன்று, மாலை 7 முதல் 10 வரை ஒன்று. ஃபிக்ஸர் என்று அழைக்கப்பட்ட ஏற்பாட்டாளர் தொலைபேசியில் கூப்பிட்டு இடத்தையும் நேரத்தையும் சொல்வார்; யாருடைய பாட்டுக்கு வாசிக்கப் போகிறோம் என்பது ஸ்டுடியோவின் கதவைத் திறந்த பிறகே தெரியவருவதும் உண்டு. இசைக்கலைஞர்களின் சங்கம் ஒப்புக்கொண்ட கட்டணம், கூடுதல் நேரமானால் கூடுதல் பணம், டபுள் பேஸ் போன்ற ஆளுயர மரக்கருவியைத் தூக்கி வந்தால் அதற்குச் சுமைப் படி, ஒரே செஷனில் இரண்டு கருவி வாசித்தால் இரண்டாவதற்குத் தனித்தொகை என்று எல்லாவற்றுக்கும் விகிதம் இருந்தது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட வேலைக்குத் தேவையான முதல் தகுதி, தாளில் எழுதியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிசகில்லாமல் வாசிப்பது. ஃப்ளவர்ஸுக்கு அது கிட்டார் குழுக்களிலிருந்து வரவில்லை. ராணுவ வாத்தியக்குழுவிலிருந்து வந்தது. 1938இல் லண்டனின் மேற்குப் புறத்தில் உள்ள ஐல்வொர்த்தில் பிறந்த அவர், கட்டாய ராணுவச் சேவைக் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் இசைக்குழுவில் டியூபா வாசிப்பவராகச் சேர்ந்தார். பித்தளை ஊதுகருவிகளிலேயே பெரியதும் கனமானதுமான டியூபா, அணிவகுப்பு இசையில் அடிச் சுரத்தைத் தாங்குகிற கருவி. பதவி உயர்வுக்கு இன்னொரு கருவியும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் டபுள் பேஸைத் தேர்ந்துகொண்டார். அதாவது, பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்ட கருவியை அவர் முதன்முதலில் தொட்டதே ஒரு சம்பள உயர்வுக்காகத்தான். இதைக் கொச்சையான தகவலாக நான் நினைக்கவில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதையும் இதை வைத்தே படித்துவிடலாம்.

படையிலிருந்து வெளியே வந்தபின் ஜாஸ் குழுக்களில் வாசித்தார். குயீன் எலிசபெத் என்ற பெரிய பயணக் கப்பலின் வாத்தியக்குழுவில் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போய்வந்தபோது, அங்கே ஒருவர் எலெக்ட்ரிக் பேஸ் வாசிப்பதைக் கேட்டு அதன் பக்கம் திரும்பினார். நியூயார்க்கிலேயே வாங்கிய ஒரு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் அவருடைய பெரும்பாலான ரெக்கார்டிங்குகளில் கூடவே இருந்தது. ஜாஸ் உலகின் டபுள் பேஸ்காரர்கள் பலர் அந்தக் காலத்தில் எலெக்ட்ரிக் பேஸை மட்டமாகப் பார்த்தார்கள். ஃப்ளவர்ஸுக்கு அந்த மனத்தடை இல்லை. டியூபா, டபுள் பேஸ், எலெக்ட்ரிக் பேஸ் மூன்றும் ஒரே வேலையைச் செய்கிற மூன்று கருவிகள் என்பதுதான் அவருடைய கணக்கு; அந்தக் கணக்கே பின்னால் அவருக்குப் புகழையும் தந்தது.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். 1972இல் லண்டன் சோஹோ பகுதியில், செயின்ட் ஆன்ஸ் கோர்ட் என்ற சந்தில் இருந்த டிரைடென்ட் ஸ்டுடியோவில் லூ ரீடின் 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பம் பதிவாகிறது. தயாரிப்பாளர்கள் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியும் அவருடைய கிட்டார்க்காரர் மிக் ரான்சனும். பாட்டில் பெரும்பகுதிக்கு இரண்டே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்: ஆதார சட்சமத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று, மாறி மாறி. ஃப்ளவர்ஸ் முதலில் டபுள் பேஸில் இந்த இரண்டு அடிச் சுரங்களுக்கும் இடையே விரலைத் தூக்காமல் சறுக்கி வாசித்தார். சட்சமத்திலிருந்து மத்திமத்துக்கு ஒரு சறுக்கல்; விஷயம் அவ்வளவுதான். எந்த பேஸ்காரரும் இத்துடன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். பாட்டும் நன்றாகவே இருந்திருக்கும்.

அதன் பிறகு, இதற்கு மேலே எலெக்ட்ரிக் பேஸில் இன்னொரு வரிசை வாசிக்கட்டுமா என்று கேட்டார். அந்த இரண்டாவது வரிசையில் அவர் தேர்ந்துகொண்ட சுரங்கள்தான் நுட்பமானவை. கீழே சட்சமம் ஒலிக்கும்போது மேலே, ஒரு ஸ்தாயி தாண்டி, அந்தர காந்தாரம். கீழே மத்திமத்துக்குச் சறுக்கும்போது மேலே அதே அளவு சறுக்கி சதுச்ருதி தைவதம். மேற்கத்திய இசையில் இந்த இடைவெளியைப் பத்தாவது என்பார்கள். இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று தொடாமல், ஒரே தூரத்தில், சேர்ந்தே நகர்கின்றன. அந்தர காந்தாரத்தைக் கீழே அடிச் சுரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தால் கனத்த சுரங்கள் இரண்டும் மோதி ஒலி மங்கிச் சேறாகியிருக்கும். ஒரு ஸ்தாயி மேலே தள்ளி வைத்ததால் நடுவில் காற்றோட்டம் கிடைத்தது. கார்டின் முழு நிறமும் இரண்டே சுரத்தில் வந்துவிடுவதால் கிட்டாருக்கும் அதிக வேலையில்லை. மரத்தின் ஈரமான முழக்கம் கீழே, மின்கருவியின் இழுவை மேலே. ஹெட்ஃபோனில் கேட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஸ்பீக்கரில் கேட்டால் உலகில் இல்லாத ஏதோ ஒரு கருவியைப் போல ஒன்றாகிவிடுகின்றன.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு ஃப்ளவர்ஸ் தந்த பதில், இரண்டு கருவி வாசித்தால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதுதான். அந்த இரண்டாவது கருவியையும் சேர்த்துத்தான் 17 பவுண்டு. இந்தப் பதிலைச் சிலர் தன்னடக்கம் என்கிறார்கள், சிலர் நகைச்சுவை என்கிறார்கள். எனக்கு அது உண்மையாகவே படுகிறது. கூடுதல் தொகைக்காக இன்னொரு வரிசையைச் சேர்க்க முன்வந்தவர், அந்தத் தொகைக்கு ஒப்புக்காக அதே சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே இரட்டித்துவிட்டுப் போயிருக்கலாம். பணத்துக்கான யோசனையும் சங்கீதத்துக்கான யோசனையும் அவரிடம் ஒரே நொடியில் ஒரே இடத்திலிருந்து வந்தன. இவற்றைப் பிரித்துப் பார்த்து, ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது கேட்பவர்களாகிய நமக்கு இருக்கும் பழக்கம், அவருக்கு இருந்ததில்லை.

அதே ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளில் டியூபாவும் வாசித்திருக்கிறார். நியூயார்க்கின் இருண்ட தெருக்களைப் பாடுகிற ஒரு ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், பிரிட்டிஷ் விமானப் படையில் பழகிய டியூபா அசைந்து அசைந்து நடப்பதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. படைக்குக் கொடுத்த வருஷங்கள் வீண் போகவில்லை.

1990இல் எ டிரைப் கால்ட் குவெஸ்ட் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் குழு அந்த பேஸ் வரிசையை எடுத்துத் தங்களுடைய 'கேன் ஐ கிக் இட்?' பாட்டின் முதுகெலும்பாக வைத்தது. லூ ரீட் அனுமதி தந்தார். பாட்டின் வருமானத்தை முழுவதும் தாமே எடுத்துக்கொண்டார். அவர்கள் எடுத்தாண்டது ஃப்ளவர்ஸின் விரலில் பிறந்ததை. சட்டத்தின் கண்ணில் அது பாட்டை எழுதியவருக்கு உரியது. வார்த்தையும் மெட்டும் பதிப்புரிமைக்குள் வரும். செஷன் வாசிப்பவர் சேர்க்கும் வரிசை, பாட்டின் அடையாளமே அதுவாக இருந்தாலும், பெரும்பாலும் கூலிக்குச் செய்த வேலையாகவே கொள்ளப்படும். இது நியாயமா என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஃப்ளவர்ஸ் இந்த விதி தெரியாமல் ஏமாந்தவர் அல்லர். பாட்டு எழுதியவராக மேசையின் அந்தப் பக்கத்திலும் அவர் உட்கார்ந்தவர்.

அந்தக் கதை ருசியானது. 'டாட்ஸ் ஆர்மி' தொலைக்காட்சித் தொடரில் வயதான கார்ப்பரல் ஜோன்ஸாக நடித்துப் பிரபலமான கிளைவ் டன், ஒரு விருந்தில் ஃப்ளவர்ஸைச் சந்தித்து, பாட்டு எழுதுவீர்களாமே, எனக்கு ஒரு ஹிட் எழுதித் தாருங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டார். தாத்தாவைப் பற்றிய ஒரு பாட்டைத் தொடங்கிய ஃப்ளவர்ஸுக்குப் பல்லவி சிக்கவில்லை. நண்பர் கென்னி பிக்கெட்டை உதவிக்கு வரச் சொன்னார். பிக்கெட் வந்து அழைப்பு மணியை அழுத்த, 'டிங் டாங்' என்று இரண்டு சுரம் ஒலிக்க, பல்லவி கிடைத்துவிட்டது. 'கிராண்டாட்' 1971 ஜனவரியில் பிரிட்டனில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. வாசல் மணியின் இரண்டு சுரத்துக்கு வாழ்நாள் முழுவதும் ராயல்டி. லூ ரீட் பாட்டில் வைத்த இரண்டு சுரத்துக்கு ஒரே ஒரு நாள் கூலி. இந்த வேடிக்கையை அவரைவிட நன்றாக ரசித்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

அந்த மூன்று வாரங்களில் 'கிராண்டாட்' முதலிடத்தை விட்டுக்கொடுக்காததால் இரண்டாம் இடத்தோடு நின்றுபோன பாட்டு, மார்க் போலனின் டி. ரெக்ஸ் குழு பாடிய 'ரைட் எ வைட் ஸ்வான்'. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே போலனின் குழுவில் ஃப்ளவர்ஸ் பேஸ் வாசிக்கப் போய்ச் சேர்ந்தார். 1977இல் வந்த 'டேண்டி இன் த அண்டர்வேர்ல்ட்' ஆல்பத்தில் அவருடைய வாசிப்பு இருக்கிறது. போலன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்கு டேவிட் போவி விருந்தினராக வந்தபோதும் பேஸுடன் பின்னால் நின்றவர் ஃப்ளவர்ஸ்தான். அந்தப் பதிவு நடந்த சில நாட்களிலேயே, செப்டம்பர் 16 அன்று, கார் விபத்தில் போலன் இறந்தார். அவருக்கு 30 வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

போவிக்கும் ஃப்ளவர்ஸுக்கும் இருந்த தொடர்பு அதைவிடப் பழையது. 1969 ஜூனில், அப்பல்லோ 11 புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், அதே டிரைடென்ட் ஸ்டுடியோவில் 'ஸ்பேஸ் ஆடிட்டி' பதிவானபோது பேஸ் வாசித்தவர் இவர். மெல்லோட்ரான் என்ற கீபோர்டு வாசித்தவர் ரிக் வேக்மன். அப்போது அவருக்கு வயது 20. போவியை அன்று வெளியே யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஃப்ளவர்ஸுக்கு அது இன்னொரு மூன்று மணி நேர வேலை. பூமியோடு தொடர்பு அறுந்து மிதக்கிற ஒரு விண்வெளி வீரனின் கதையில், பேஸ் ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல நிற்காமல் மெட்டோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதை மூன்று மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி அந்தத் தொழிலில் தினமும் இருந்தது.

1974இல் போவியின் 'டைமண்ட் டாக்ஸ்' ஆல்பத்தில் வாசித்துவிட்டு, அதைத் தொடர்ந்த அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கும் போனார். பணத்தைப் பற்றிய இன்னொரு கதை அங்கேதான் நடக்கிறது; அஞ்சலிக் குறிப்புகள் இதற்கு 17 பவுண்டுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. ஜூலை மாதம் ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய அப்பர் டார்பியில், டவர் தியேட்டரில் நிகழ்ச்சி. மேடையில் வழக்கத்துக்கு மாறாகக் கூடுதல் மைக்குகள் நிற்கின்றன. விசாரித்தால், அன்றைய நிகழ்ச்சி நேரடி ஆல்பமாக வெளியிடுவதற்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று தெரியவருகிறது. வாத்தியக்காரர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தருவதாக இருந்ததும் சங்க விகிதப்படியான ஒரு சிறு தொகை. ஃப்ளவர்ஸ் மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு போய் நின்றார். தலைக்கு 5,000 டாலர். இல்லாவிட்டால் மேடை ஏற மாட்டோம். அரங்கம் நிறைந்து காத்திருக்கிற நேரத்தில் போவி ஒப்புக்கொண்டார். 'டேவிட் லைவ்' என்ற இரட்டை ஆல்பம் அப்படித்தான் உருவானது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 17 பவுண்டை அவர் ஒருபோதும் எதிர்க்காததற்குக் காரணம், அது பேசி முடித்த தொகை; அன்றைய விதி அது; விதிக்கு உள்ளேயே கூடுதலாக எவ்வளவு பெற முடியுமோ அதை அவர் பெற்றுக்கொண்டார். டவர் தியேட்டரில் நடக்கவிருந்தது பேசாத வேலை. நிகழ்ச்சிக்கு ஒரு விலை, ரெக்கார்டிங்குக்கு வேறு விலை என்பது செஷன்காரரின் அரிச்சுவடி. அதை யாரும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போக அவர் அனுமதிக்கவில்லை. புகழ் பெற்றவர்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்கிற கூச்சம் அவரிடம் இல்லை என்பதும் இதில் தெரிகிறது.

வாசிப்பிலும் அந்தத் துணிச்சல் உண்டு. அதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சனின் 'ஜம்ப் இன்டு த ஃபயர்'. 1971இல் வெளிவந்த 'நில்சன் ஷ்மில்சன்' ஆல்பத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடுகிற பாட்டு. ஒரே கார்டைச் சுற்றிச் சுற்றி வருகிற முரட்டு ராக். ஜிம் கார்டனின் டிரம் தனி ஆவர்த்தனமும் கடந்து, பாட்டு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாத ஒரு கட்டத்தில், பேஸின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்குகிறது. ஃப்ளவர்ஸ் வாசித்துக்கொண்டே இடது கையால் முறுக்காணியைத் தளர்த்துகிறார். அடிக்கம்பி தொய்ந்து, சுரம் சுரமாக இல்லாமல், உறுமலாகி, கடைசியில் கம்பி கருவியில் மோதித் தடதடக்கிற ஓசை மட்டும் மிஞ்சுகிறது.

சுருதி பிசகாமல் இருப்பதுதான் பேஸ்காரரின் முதல் கடமை என்று சொல்லித் தரப்பட்ட, ராணுவ வாத்தியக்குழுவில் பழகிய ஒருவர், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது அடிக்கம்பியை அவிழ்க்கிறார். தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெரி அதை வெட்டி எறியாமல் வைத்துக்கொண்டதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து 'குட்ஃபெல்லாஸ்' திரைப்படத்தில், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பின்தொடர்கிறதோ என்ற பீதியில் நாயகன் கார் ஓட்டுகிற பகுதிக்கு இதே பாட்டைப் பயன்படுத்தினார்கள். அந்த நடுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேஸ் எங்கும் கிடைத்திருக்காது.

1973இல் டேவிட் எஸ்ஸெக்ஸ் பாடிய 'ராக் ஆன்' வேறு வகையான சாதனை. தயாரிப்பாளர் ஜெஃப் வேயின் கிட்டாரையும் பியானோவையும் விலக்கிவிட்டு, கார்டு வாசிக்கும் கருவியே இல்லாத ஒரு வெற்றிடத்தை வைத்தார். அங்கே பாட்டைத் தாங்குவதற்கு பேஸ் ஒன்றுதான் துணை. ஃப்ளவர்ஸ் அதையும் இரண்டு வரிசையாக வாசித்தார். எக்கோ போட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் அதன் நிழல் விழும்படி பதிவு செய்தார்கள். பிரிட்டனில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் ஐந்தாம் இடம். ஜெஃப் வேயின் அவரை மறக்கவில்லை. 1978இல் 'த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' இசை நாடகத்தைப் பதிவு செய்தபோது பேஸ் இவருக்கே வந்தது. 2006இல் அது மேடையேறிச் சுற்றுப்பயணம் போனபோது, எழுபதை நெருங்கும் வயதில், அந்த வரிசைகளை அவரே மறுபடியும் வாசித்தார்.

எல்டன் ஜானின் 'டம்பிள்வீட் கனெக்ஷன்', 'மேட்மேன் அக்ராஸ் த வாட்டர்' ஆகிய ஆல்பங்களிலும் அவர் இருக்கிறார். பீட்டில்ஸ் கலைந்த பிறகு அவர்களில் மூவருடைய ரெக்கார்டிங்குகளில் வாசித்திருக்கிறார். இதில் 1981இல் வந்த 'ஆல் தோஸ் இயர்ஸ் அகோ' என்னை எப்போதும் யோசிக்க வைக்கிறது. ஜான் லெனானை நினைத்து ஜார்ஜ் ஹாரிசன் பாடிய அஞ்சலிப் பாட்டு. டிரம்ஸ் ரிங்கோ ஸ்டார், பின்னணிக் குரல்களில் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் மூவரும் ஒரே பாட்டில் கூடிய அந்த அரிய பதிவில், மெக்கார்ட்னி வழக்கமாக நிற்க வேண்டிய பேஸ் இடத்தில் இருப்பவர் ஃப்ளவர்ஸ். அதன் பின் மெக்கார்ட்னியே, ராக் உலகின் தலைசிறந்த பேஸ்காரர்களில் ஒருவரான அவரே, தம்முடைய 1984ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு ஃப்ளவர்ஸை அழைத்தார். ஒரு சமையற்காரர் இன்னொருவரைத் தம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கக் கூப்பிடுவதுபோல இது. இதற்கு மேல் ஒரு சான்றிதழ் தேவையில்லை.

சொந்தக் குழுக்களும் அவருக்கு உண்டு. 1969இல் செஷன் நண்பர்களோடு தொடங்கிய ப்ளூ மிங்க் 'மெல்ட்டிங் பாட்' பாட்டால் பிரிட்டனின் மூன்றாம் இடம் வரை போனது. பிறகு ஸ்கை. சாஸ்திரிய கிட்டார் மேதை ஜான் வில்லியம்ஸுடன் சேர்ந்து அமைத்த இந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் 1980இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஜெர்மானிய இசைமேதை பாக்கின் 'டொக்காட்டா'வை ராக் வாத்தியங்களில் வாசித்து ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1981இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள்ளேயே கச்சேரி செய்தார்கள். ஸ்கையின் இசை என் மனத்துக்கு அவ்வளவு நெருக்கமானது அல்ல. கொஞ்சம் அதிகமாகவே இஸ்திரி போட்டதாகத் தோன்றும். அதன் நடுவிலும் ஃப்ளவர்ஸ் 'டியூபா ஸ்மார்ட்டீஸ்' என்று ஒரு டியூபா வேடிக்கையை எழுதி நுழைத்துவிட்டார்; எனக்கு அந்த ஆல்பத்தில் பிடித்ததும் அதுதான்.

1970களின் முடிவுக்குள் அவர் ஏறத்தாழ 500 ஹிட் பாட்டுகளில் வாசித்திருப்பார் என்று ஒரு கணிப்பு உண்டு. கணிப்பு என்றுதான் சொல்ல முடியும். அன்றைய இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயரைப் போடுவது கட்டாயமாக இல்லை. இதனால் விளைந்த குழப்பத்துக்கு அவரே ஒரு சாட்சி. பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூரின் 1971ஆம் ஆண்டு ஆல்பமான 'இஸ்த்வார் த மெலொடி நெல்சன்' பேஸ் ரசிகர்களுக்கு வேதப் புத்தகம் மாதிரி. லண்டனில் பதிவான அதன் உறையில் பெயர்கள் இல்லாததால், அந்த பேஸ் ஹெர்பி ஃப்ளவர்ஸுடையது என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது, எழுதப்பட்டது. அது டேவ் ரிச்மண்ட் வாசித்தது என்பது பிற்காலத்தில்தான் தெளிவானது. நல்ல பேஸாக ஒன்று கேட்டால் ஃப்ளவர்ஸாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிற அளவுக்கு ஒருவர் பெயர் எடுத்துவிட்டால், பக்கத்தில் வாசித்த இன்னொருவரின் பெயர் அழிந்துபோகிற ஆபத்தும் இருக்கிறது. இன்றைக்கும் இணையத்தில் பழைய தவறான பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிற்காலத்தில் சசெக்ஸ் பகுதியில் குடியேறி, பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் போய் 'ராக்ஷாப்' என்ற பெயரில் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். வாத்தியமே தொட்டிராதவர்களைக்கூடச் சேர்ந்து பாடவும் வாசிக்கவும் வைத்தார். பிரைட்டன் வட்டாரத்தில் ஜாஸ் நிகழ்ச்சிகளை நடத்தி, அங்கே டபுள் பேஸோடு நின்றார்.

அவரைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 'வாக் ஆன் த வைல்ட் சைட்' பாட்டை ஹெட்ஃபோனில், மேல் வரிசையை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை, கீழ் வரிசையை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்கலாம். அடுத்து 'ராக் ஆன்'. 'ஜம்ப் இன்டு த ஃபயர்' மட்டும் ஆல்பத்தில் உள்ள முழு வடிவமாக இருக்கட்டும். சிங்கிளாக வெளியிட்டபோது பாட்டைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். கம்பி அவிழ்கிற இடத்தைத் தேடி முன்னால் தள்ளி ஓட்டிப் பார்க்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் அந்த பேஸ் எவ்வளவு இறுக்கமாக நின்றது என்பதைக் காது வாங்கியிருந்தால்தான் கடைசியில் அது சரிவது உறைக்கும்.